எரிமலை எதன் வழியே வந்தது?

பேரழிவு என்றதும் நம்மில் பலருக்கு விண்கல்தான் ஞாபகம் வரும். வானத்தில் ஒரு தீப்பிழம்பு, டைனோசர்கள் காலி, கதை முடிந்தது. பீட்டர் பிரானன் 2017இல் எழுதிய 'தி எண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்' இந்தச் சித்திரத்தைக் கலைத்துப்போடுகிற புத்தகம். பூமியில் உயிர்கள் கொத்துக்கொத்தாக அழிந்த ஐந்து காலகட்டங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் அதிகமுறை ஏறுவது விண்கல் அல்ல, கரியமில வாயுவின் தாறுமாறான ஏற்ற இறக்கம்தான் என்று வாதிடுகிறது. நன்றாக எழுதப்பட்ட புத்தகம். படிக்கலாமா என்று கேட்டால் கட்டாயம் படியுங்கள் என்பேன். ஆனாலும் எனக்கு அதோடு ஒரு தகராறு இருக்கிறது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் யுகத்தின் முடிவில், சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பொங்கியது. குழம்பு தன்னோடு கொண்டுவந்த வாயு ஒரு பங்கு. அதைவிடக் கொடியது, மேலே வரும் வழியில் அது ஊடுருவிய நிலக்கரி, எண்ணெய், உப்புப் படிவங்கள். எல்லாவற்றையும் சுட்டுப் பொசுக்கிக்கொண்டு வந்தது. மேட்டூர் அனல்மின் நிலையத்துக் கொதிகலனில் நாம் செய்கிற வேலையை, அங்கே பூமி தன் வயிற்றுக்குள்ளேயே செய்திருக்கிறது. எரிமலையை வாணவேடிக்கையாகப் பார்க்காமல் அடுப்பாகப் பார்க்க வைப்பதுதான் இந்தப் புத்தகத்தின் சாதனை.

தகராறு இங்கேதான் ஆரம்பம். சாலை போட வெட்டிய மலைச்சரிவுகள், குவாரிகள், கையில் சுத்தியலோடு நிற்கும் புவியியலாளர்கள் என்று புத்தகம் ஒரு பயணக் கட்டுரைபோல ஓடுகிறது. படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு சூடானது, எவ்வளவு வேகமாகச் சூடானது என்ற கணக்குகளுக்குச் சரிவில் தெரியும் பாறை மட்டும் போதாது. அது நடுவில் பக்கங்கள் கிழிந்த நோட்டு. கிழியாத நோட்டு வேண்டுமென்றால் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு இந்த வகைப் புத்தகங்களில் உரிய இடம் கிடைப்பதில்லை.

சேந்தமங்கலத்துக்காரனுக்கு இது சட்டென்று உறைக்கும். எங்களுக்குப் பக்கத்தில்தான் திருச்செங்கோடு, இந்தியா முழுக்க ஓடுகிற ரிக் வண்டிகளின் ஊர். இங்கே ஆயிரம் அடி போர் என்பது சாதாரணப் பேச்சு. ரிக் வண்டியில் போன என் மாமா ஒருவர் சொல்வார்: "மாப்ளே, பொடி நெறம் மாறுச்சுன்னா கல்லு மாறிடுச்சுன்னு அர்த்தம். அதப் பாத்துத்தான் ஓட்டோணும்." போர்வெல் சுத்தியல் கல்லை நொறுக்குகிறது, கம்ப்ரசர் காற்று பொடியை வெளியே தள்ளுகிறது. அறிவியலுக்குப் போடும் துளையில் பிட் வளையமாக இருக்கும். சுற்றி மட்டும் அறுத்து, நடுவில் நிற்கும் உருளையை முழுசாக மேலே கொண்டுவருவார்கள். அதற்குப் பெயர் கோர். நமக்குத் தண்ணீர்தான் சரக்கு, கல் குப்பை. அவங்களுக்குக் கல்லுதான் சரக்கு.

அந்தச் சரக்கு என்ன சொல்லும் என்பதற்கு ஓர் உதாரணம். 1987இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற கப்பல் அண்டார்டிகா பக்கம் வெடல் கடலில் 690 என்று எண்ணிட்ட இடத்தில் துளை போட்டது. அங்கே கிடைத்த வண்டலை ஆராய்ந்து கென்னட்டும் ஸ்டாட்டும் 1991இல் எழுதிய கட்டுரைதான், 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென்று சூடானதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இன்று அதைப் பாலியோசீன்–இயோசீன் வெப்ப உச்சம் என்கிறார்கள். உலகச் சராசரி வெப்பம் 5 முதல் 6 டிகிரி வரை ஏறியது.

காரணத்தைத் தேடி 2021இல் அதே கப்பல் நார்வே கடலுக்குப் போனது. அங்கே கடலடியில் எரிமலைக் குழம்பு வண்டலுக்குள் பாய்ந்து, சூடான வாயு வெடித்து வெளியேறிய பழைய குழிகள் உண்டு. அப்படி ஒரு குழியை நிரப்பியிருந்த வண்டலிலேயே வெப்ப உச்சத்தின் தொடக்கம் பதிவாகியிருந்தது. குழி அன்று ஆழமில்லாத கடலில் இருந்ததும் தெரிந்தது. ஆழம் குறைவென்றால் மீத்தேன் தண்ணீரில் கரைந்து தொலையாமல் நேராகக் காற்றுக்குப் போயிருக்கலாம். 2023இல் வெளியான முடிவு இது. சரிவில் நின்று பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமா இது?

நம் நாட்டுக்கு வருவோம். தக்காணத்தில் இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு எரிமலைப் பாறை பரந்து கிடக்கிறது. அது பொங்கியது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் அழிந்த அதே காலம். எல்லோரும் சொல்வது இந்த அளவைத்தான். ஆனால் சைபீரியா கற்றுத்தந்த பாடத்தின்படி கேட்க வேண்டிய கேள்வி வேறு: குழம்பு எதன் வழியே வந்தது? மகாராஷ்டிராவின் கொய்னாவில் 1967 நிலநடுக்கத்துக்குப் பின்னும் நடுக்கம் ஓயாததால், அதை ஆராய 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டார்கள், 2017இல் முடிந்தது. 1,200 மீட்டருக்கு மேல் எரிமலைப் பாறை. அதன் கீழே நேராகப் பழைய கிரானைட் வகைப் பாறை. நடுவில் வண்டல் படிவமே இல்லை. அதாவது அந்த இடத்தில் சுட்டுப் பொசுக்க நிலக்கரி கிடையாது. ஒரு துளையை வைத்துத் தக்காணம் முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் இப்படிக் கேள்வி கேட்கவே அந்தத் துளை தேவைப்பட்டது.

இதையெல்லாம் நான் நுணுக்கத்துக்காகச் சொல்லவில்லை. டீக்கடையிலும் வாட்ஸப்பிலும் அடிக்கடி கேட்கிற வாதம் ஒன்று உண்டு: "பூமி இதுக்கு முன்னாடியும் சூடாச்சுதானே? அதுக்கு என்ன இப்ப?" எரிமலைப் பேரழிவுகளை வரிசையாக, உச்சஸ்தாயியில் சொல்லும் புத்தகம், கவனக்குறைவாகப் படிப்பவரிடம் இந்த வாதத்துக்கே தீனி ஆகிவிடும். பதில் வேகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் மில்வில்லில் எடுத்த கோரை வைத்து 2016இல் போட்ட கணக்கின்படி, வெப்ப உச்சத்தின் தொடக்கம் குறைந்தது 4,000 ஆண்டுகள் நீடித்தது. ஆண்டுக்கு வெளியான கார்பன் சுமார் 100 கோடி டன். இன்று நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து ஆண்டுக்கு வெளியேற்றுவது சுமார் 1,000 கோடி டன். பத்து மடங்கு. கோடி வருட அளவில் வரைந்த கிராஃபில் இரண்டுமே செங்குத்துக் கோடாகத்தான் தெரியும். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய சிக்கல்: நேரம் குறிக்காத லாக் ஃபைலை வைத்துக்கொண்டு எந்தப் பிழையையும் பிடிக்க முடியாது. கோர்தான் பூமியின் லாக் ஃபைல். அதில் நேரம் இருக்கிறது.

மேலே சொன்ன இரண்டு கடல் துளைகளையும் போட்ட அந்தக் கப்பல் 2024இல் வேலையை நிறுத்திக்கொண்டது. பணம் தந்துவந்த அமெரிக்க அறிவியல் நிறுவனம் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கப்பல்களுக்கு ரசிகர் கூட்டம் கிடையாது. எரிமலைக்கு உண்டு. எதை வாசகர் கண்முன் நிறுத்துகிறோம் என்பதற்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது. தமிழில் யாராவது இப்படி ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தால், தீ கக்கும் மலையை இரண்டாம் அத்தியாயத்துக்குத் தள்ளிவையுங்கள். கொய்னாவில் எடுத்த ஒரு பெட்டிக் கல்லைத் திறந்து, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.