பொய்ச்சண்டையும் உருவப் பிரச்னையும்

சென்ற இரண்டு இதழ்களாக இங்கே உருவம்–உள்ளடக்கம் பற்றி நடந்துவரும் சர்ச்சையைப் படித்துக்கொண்டு வருகிறேன். இரு தரப்பினரும் கவிதையிலிருந்தும் சிறுகதையிலிருந்தும் மட்டுமே உதாரணங்கள் எடுக்கிறார்கள். இவற்றில் உள்ளடக்கம் என்ற ஒன்று எப்போதும் குறுக்கே வந்து நின்றுவிடுவதால் உருவத்தைத் தனியே பிரித்துப் பார்ப்பது சிரமமாகிவிடுகிறது. உள்ளடக்கம் அநேகமாகப் பூஜ்யமாக இருக்கும் ஒரு துறையை எடுத்துக்கொண்டு பார்த்தால் என்ன? தொழில்முறை மல்யுத்தத்தைச் சொல்கிறேன்; அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மேடைபோட்டு, டிக்கட் விற்று, தொலைக்காட்சியில் காட்டப்படும் அதே மல்யுத்தம். முகம் சுளிப்பவர்கள் சுளித்துவிட்டு மேலே படிக்கலாம்.

‘அதெல்லாம் பொய்ச்சண்டைதானே சார்’ என்பார் எங்கள் கிளையில் பக்கத்து கவுண்டர் நண்பர். பொய்ச்சண்டைதான். 1989ல் வின்ஸ் மக்மானின் கம்பெனியே நியூ ஜெர்ஸி மாநில செனட்டில் இதை ஒப்புக்கொண்டது. உண்மையின் மீது வந்த திடீர்ப் பிரேமையால் அல்ல. விளையாட்டு என்றால் அரசாங்க ஆணையத்தின் கட்டுப்பாடு உண்டு, கேளிக்கை என்றால் இல்லை என்பதால். ஆனால் துரியோதனன் படுகளத்தில் சாகத்தான் போகிறான் என்று தெரிந்துதானே கூத்துப் பார்க்க விடியவிடிய உட்கார்ந்திருக்கிறோம்? யார் ஜெயிப்பான் என்பது புக்கர் என்று அழைக்கப்படும் ஒருவரால் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே ஜெயிப்பது எப்படி, தோற்பது எப்படி, எப்போது, எதற்குப் பிறகு என்பவை மட்டுமே மிஞ்சுகின்றன. இவையெல்லாம் சுத்தமான உருவப் பிரச்னைகள்.

ரோலான் பார்த்தின் ‘மித்தாலஜிஸ்’ (1957) நூலின் முதல் கட்டுரையே மல்யுத்தம் பற்றியதுதான் என்பது நம் வட்டத்தில் அநேகருக்குத் தெரிந்திருக்கும். பாரிஸின் மட்டமான அரங்குகளில் அவர் கண்டது பண்டைய நாடகத்தின் பேருருவான சைகைகளை: துன்பம், தோல்வி, நியாயம். மோசடியா இல்லையா என்ற கேள்வியே அந்த ஜனங்களுக்கு இல்லை என்று அவர் கண்டது கூர்மையானது. ஆனால் அதே மூச்சில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். குத்துச்சண்டை காலத்தில் கட்டப்படும் கதை. மல்யுத்தமோ ஒவ்வொரு கணமும் தனித்தனியே அர்த்தம் கொள்ளும் காட்சிகளின் வரிசை, அதில் முடிவை நோக்கிய தர்க்கம் யாருக்கும் பொருட்டில்லை என்கிற ரீதியில். இங்கேதான் நான் மாறுபட வேண்டியிருக்கிறது. பின்னால் வந்த ரசிகன் மல்யுத்தத்தை மதிப்பிடுவது முழுக்கமுழுக்கக் காலத்தை வைத்துத்தான். பார்த் ஒரு மாலைப்பொழுதைப் பார்த்தார். ரசிகன் வருஷக்கணக்காகப் பார்க்கிறான்.

இந்த ரசிகன் உருவான கதை நமக்கு அந்நியமானதல்ல. 1980களில் டேவ் மெல்ட்ஸர் என்பவர் ‘ரெஸ்லிங் அப்ஸர்வர்’ என்று ஒரு செய்திமடலைத் தபாலில் சந்தாதாரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சிறிய எழுத்தில் நெருக்கி அடித்த பக்கங்கள், குறைந்த பிரதிகள், ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளும் வாசகர்கள், வெகுஜனப் பத்திரிகைகளின் மேல் தீராத இளக்காரம். சிறுபத்திரிகை என்று சொன்னால் மிகையாகாது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட தொழில் பரிபாஷை இந்த வழியாகத்தான் ரசிகனுக்குக் கிடைத்தது. நல்லவன் முதலில் மேலோங்கும் பகுதி ‘ஷைன்’. கெட்டவன் ஏமாற்றி மடக்கி நெடுநேரம் வதைக்கும் பகுதி ‘ஹீட்’. பிறகு மீட்சி, ‘கம்பேக்’. கடைசியில் ‘ஃபினிஷ்’. அடி வாங்கியவன் வலியை நம்பும்படி உடம்பில் தாங்கிக் காட்டுவது ‘ஸெல்லிங்’. இந்தச் சொற்கள் வந்தபின் ரசிகனுக்குப் ‘பிடித்தது, பிடிக்கவில்லை’ என்பதைத் தாண்டிக் காரணம் சொல்ல முடிந்தது. கலைச்சொல் இல்லாத ரசனை முனகலாகவே நின்றுவிடும்.

கூடவே நட்சத்திரமும் வந்தது. மெல்ட்ஸர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், கால் நட்சத்திரம் வரை கணக்குப் பார்த்து, ஐந்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டார். முறையைக் கண்டுபிடித்தவர் அவரல்ல, நிலைநாட்டியவர் அவர்தான். (என் வயதுக்காரர்கள் இந்தப் பெயர்களை முதலில் அறிந்தது ட்ரம்ப் கார்டு சீட்டுக்கட்டில். உயரம், எடை, மார்பளவு என்று அங்கேயும் எல்லாம் எண்தான்.)

எண்ணால் எதை அளக்க முடியாமல் போயிற்று என்பதற்கு 1987 மார்ச் 29 இரவு ஒன்றே போதும். மிஷிகன் மாநிலத்தில் போன்டியாக் ஸில்வர்டோம் அரங்கு. 93,173 பேர் வந்ததாக அறிவிப்பு. அந்த எண்ணிக்கையே இன்றுவரை தகராறில் இருக்கிறது. அன்று இரண்டு ஆட்டங்கள் முக்கியமானவை. ஒன்று ராண்டி ஸாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடியது. ஸாவேஜ் அதன் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே எழுதி ஒத்திகை பார்த்துவைத்திருந்தார். பதினைந்து நிமிஷத்துக்குள் மூன்று எண்ணி முடிப்பதற்கு முன் தப்பித்தல் அடுத்தடுத்து வருகிறது, ஒன்றுகூட வீணாகாமல். முந்தைய நவம்பரில் ஸாவேஜ் மணியைக்கொண்டு ஸ்டீம்போட்டின் குரல்வளையை நசுக்கியதாகக் கதை. இங்கே முடிவுக்கு முன் அதே மணியை மறுபடியும் எடுக்கிறார், தடுக்கப்படுகிறார், தோற்கிறார். மெல்ட்ஸர் நாலரை போட்டார். சரிதான்.

மற்றது ஹல்க் ஹோகனும் ஆந்த்ரேயும். இதற்கு மெல்ட்ஸர் போட்டது பூஜ்யத்துக்கும் கீழே: கழித்தல் நான்கு. ஏன் என்று புரிந்துகொள்ள முடிகிறது. ஆந்த்ரே நோயாளி, முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது, உடைக்குள் பட்டை கட்டிக்கொண்டு நின்றார். கரடிப்பிடி போட்டபடி நிமிஷங்கள் கடக்கின்றன. அசைவுகளை எண்ணினால் ஒன்றுமே தேறாது.

ஆனால் உருவத்தைப் பாருங்கள். ஆட்டம் துவங்கியதும் ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்கப் பார்க்கிறார். பாரம் தாங்காமல் சரிகிறார். ஆந்த்ரே அவர்மேல் விழுகிறார். அப்போதே ஆட்டம் முடிந்திருக்கலாம். இவனைத் தூக்க முடியுமா என்ற ஒரே கேள்வி முதல் நிமிஷத்திலேயே கேட்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு வரும் அத்தனை மந்தகதியும் அந்தக் கேள்வியின் எடை. பத்து நிமிஷத்துக்குப் பிறகு தூக்கிப் போடுகிறார். அவ்வளவுதான். ஒரு படிமம், ஒரு காத்திருப்பு, ஒரு விடை. இதைவிடச் சிக்கனமான கட்டுமானத்தை நான் மல்யுத்தத்தில் கண்டதில்லை. இத்தனைக்கும் ஆந்த்ரேயை யாரும் தூக்கியதே இல்லை என்று கம்பெனி சொன்னது பச்சைப் பொய். 1980லேயே இதே ஹோகன் தூக்கிப் போட்டிருக்கிறார். அந்தப் பொய்யும் கட்டுமானத்தின் பகுதிதான். நம் வட்டத்தில் வாக்கெடுத்தால் ஸாவேஜ்–ஸ்டீம்போட்தான் ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியும். செய்நேர்த்தி வெளியே தெரிந்தால்தான் அது உருவம் என்று நாம் பழகியிருக்கிறோம்.

இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்த ஆட்டம் ஒன்று உண்டு. 1997 மார்ச் 23, சிக்காகோவை அடுத்த ரோஸ்மான்ட். ப்ரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். ஹார்ட் நல்லவன், ஆஸ்டின் கெட்டவன் என்று ஆட்டம் துவங்குகிறது. வாய்விட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் தோல்வி என்பது நிபந்தனை. இந்த நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. ஹார்ட் ஆஸ்டினின் காலை முறைப்படி, ஒரு தொழிலாளியின் நிதானத்தோடு சிதைக்கிறார். அதே வேலையை முன்பெல்லாம் அவர் செய்தபோது திறமை என்று கைதட்டியவர்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது எதிரே இருப்பவன் ரத்தம் வழிய, நொண்டியபடி, விடாமல் திரும்பத்திரும்ப எழுந்து வருகிறான். அதே செயல் கொடுமையாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. கடைசியில் ஹார்ட் தன் பிரசித்தமான ‘ஷார்ப்ஷூட்டர்’ பிடியைப் போடுகிறார். ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தத்தோடு கையூன்றி எழப் பார்க்கிறார், ஒரு கணம் பிடி தளர்கிறது, மறுபடியும் இறுகுகிறது. ஒப்புக்கொள்ளாமலே மூர்ச்சையாகிறார். நடுவர் ஆட்டத்தை நிறுத்துகிறார்.

ஜெயித்த ஹார்ட் விழுந்துகிடப்பவனின் காலை மறுபடியும் தாக்குகிறார். அரங்கு அவரைத் தூற்றுகிறது. ஆஸ்டினோ கைத்தாங்கலை உதறிவிட்டுத் தானே நொண்டிக்கொண்டு வெளியேறுகிறார். அவர் பெயரைச் சொல்லிக் கூச்சல். இருபது நிமிஷச் சொச்சத்தில் நல்லவனும் கெட்டவனும் இடம் மாறிவிட்டார்கள், ஒரு வார்த்தை வசனம் இல்லாமல். இருவரில் எவரும் தன் சுபாவத்துக்கு மாறாக எதையும் செய்யவில்லை என்பதுதான் இதில் வியப்பு. பாத்திர மாற்றம் என்ற பெயரில் நம் நாவல்களில் நாயகன் ஒரு அத்தியாய இடைவெளியில் திருந்திவிடுவதை நினைத்துக்கொள்கிறேன். இங்கே மாறியது பாத்திரமல்ல, பார்ப்பவன் நிற்கும் இடம்.

காலம் பற்றிச் சொன்னேன். அதன் விரிந்த உதாரணம் ஜப்பானில் கஸுச்சிகா ஒகாதாவும் கென்னி ஒமேகாவும் ஆடிய நான்கு ஆட்டங்கள். ஒமேகாவிடம் ஒரு இறுதி அடி உண்டு. எதிராளியைத் தோளில் உட்காரவைத்துத் தலைகீழாகச் சாய்ப்பது. பெயர் ‘ஒன் விங்க்ட் ஏஞ்ஜல்’. 2017 ஜனவரி 4 ஆட்டத்தில் நாற்பத்தாறு நிமிஷம் போராடியும் அதை அவரால் போடவே முடியவில்லை, தோற்றார். ஜூனில் போட்டார். ஆனால் ஒகாதாவின் கால் கயிற்றில் பட்டுவிட்டது. அறுபது நிமிஷம் முடிந்து ஆட்டம் சமன். ஆகஸ்டில் போட்டார், ஜெயித்தார். ஆனால் அது பட்டத்துக்கான ஆட்டமல்ல. 2018 ஜூன் 9ல், ஒசாகாவில், ஒரு மணி நேரத்தையும் தாண்டிய ஆட்டத்தில்தான் பட்டம். ஒரு சொல்லைப் பதினேழு மாதம் முழுசாகச் சொல்லாமல் வைத்திருந்ததுபோல. எந்த ஒரு கணத்தையும் தனியே எடுத்தால் இதில் பாதி அர்த்தம் உதிர்ந்துவிடும். பார்த் இதற்கு என்ன சொல்லியிருப்பார்?

மெல்ட்ஸர் முதல் ஆட்டத்துக்கு ஆறு நட்சத்திரமும் கடைசி ஆட்டத்துக்கு ஏழும் போட்டார். ஐந்துக்கு ஆறு, ஐந்துக்கு ஏழு. பணம் எண்ணிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது என்னவென்று தெரியும். நோட்டு அதிகமாக அச்சடித்தால் அதன் மதிப்பு இறங்கும். இறுதி அடிகளுக்கும் நேர்ந்திருப்பது இதுதான். ஒமேகாவின் அடி செலாவணியானது அதைச் சேமித்துவைத்ததால். மற்றவர்களின் இறுதி அடி ஒரே இரவில் மூன்று நான்கு முறை விழுகிறது. எதிராளி ஒவ்வொரு முறையும் எழுந்துவிடுகிறான். ரசிகன் வாய்பிளக்கிறான், அடுத்த மாதம் அவனுக்கு ஐந்து முறை வேண்டியிருக்கிறது.

புக்கிங் விஷயத்தில் ரசிகன் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டான். 2014 ஜனவரி 26, பிட்ஸ்பர்க்கில் முப்பது பேர் ஆட்டம். ஜனங்கள் எதிர்பார்த்த டேனியல் ப்ரையன் அதில் சேர்க்கப்படவே இல்லை. முப்பதாவதாக வந்தவர் ரே மிஸ்டீரியோ. எல்லோருக்கும் பிரியமானவர், அவரையே தூற்றினார்கள். ஜெயித்த பட்டிஸ்டாவை விடவில்லை. ஏப்ரல் 6ல் நியூ ஆர்லியன்ஸில் ப்ரையன் ஒரே இரவில் இரண்டு ஆட்டம் ஜெயித்துப் பட்டம் பெற்றார். வாசகன் பிரதியைத் திருத்தி எழுதிவிட்டான் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. ப்ரையன் இரண்டாம் தரம் என்று கம்பெனி முதலாளிகள் கதைக்குள்ளேயே அதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ரசிகனின் நிஜமான கோபமும் கதையில் ஒரு வரியாகிவிட்டது. 2023ல் கோடி ரோட்ஸ் தோற்றபோது புக்கரைத் திட்டியவர்களில் பலர், 2024ல் அவர் ஜெயித்ததும் அந்தத் தோல்விதான் இதற்கு அஸ்திவாரம் என்று எழுதினார்கள். இது விமர்சனமா, சமாதானமா? தனக்கு வேண்டியது கிடைத்தபின் கட்டுமானத்தில் நியாயம் கண்டுபிடிப்பது நம்மிடமும் உள்ள வியாதி.

எனக்கு இதில் உண்மையாகவே தொந்தரவாக இருப்பது வேறொன்று. கவிதையில் உருவச் சோதனை தோற்றால் காகிதம் வீணாகும். இங்கே உருவத்தின் ஊடகம் உடம்பு. 1990களில் ஆல் ஜப்பான் அமைப்பில் மிட்சுஹாரு மிசாவா, தோஷியாகி கவாடா, கெந்தா கொபாஷி ஆகியோர் ஆடிய ஆட்டங்களைச் செய்திமடல் வாசகர்கள் சிகரமாகக் கருதினார்கள். நியாயமாகவே. அந்தக் கட்டுமானம் ஈவிரக்கமற்ற தர்க்கமுடையது. போன ஆட்டத்தில் எந்த அடிக்கு எதிராளி எழுந்தானோ அதைவிட வலுவானது இந்த ஆட்டத்தில் வேண்டும். ஆகவே முதுகில் விழுந்தவர்கள் தோளில் விழுந்தார்கள், தோளிலிருந்து கழுத்துக்கும் தலைக்கும் போனார்கள். முடிவுதான் பொய், விழுவது பொய்யல்ல. வீடியோ காசெட்டுகள் கண்டம்விட்டுக் கண்டம் கைமாறின. அந்த விழுதல்களை நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, மறுபடி பார்த்துக் கட்டுமானத்தை மெச்சினார்கள் ரசிகர்கள். நானும் அவற்றைப் பல தடவை பார்த்திருக்கிறேன், இனியும் பார்ப்பேன்.

மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், ஆட்டத்தின் நடுவே, பின்புறமாகத் தூக்கிப் போடும் சாதாரண ‘ஸுப்ளெக்ஸ்’ ஒன்றை வாங்கி விழுந்தார். எழவில்லை. அன்றிரவே இறந்தார், நாற்பத்தாறு வயது. அவர் ஆயிரக்கணக்கான தடவை எழுந்த அடி அது. 1994 ஜூன் 3ல் புடோகன் அரங்கில் அவர் கவாடாவோடு ஆடியதற்கு மெல்ட்ஸர் போட்ட ஐந்து நட்சத்திரம் பட்டியலில் அப்படியே இருக்கிறது.