கடிவாளமும் குதிரையும்

ஆட்சிக்கு வருமுன் ஓர் அரசியல்வாதி எழுதிய நூலை, அவர் ஆட்சியை விட்டிறங்கிய பின் வாசிப்பதில் ஒரு வசதி உண்டு. சொன்னதையும் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஜெஃப்ரி பாமர் 1979இல் வெளியிட்ட 'அன்பிரைடில்ட் பவர்?' அப்படியான ஒரு நூல். 'கடிவாளமற்ற அதிகாரமா?' என்று தமிழில் சொல்லலாம். சட்டப் பேராசிரியராக இருந்து எழுதியவர், 1984இல் துணைப் பிரதமரும் நீதியமைச்சருமானார். 1989 ஓகஸ்ட் முதல் 1990 செப்ரெம்பர் வரை நியூசிலாந்தின் பிரதமராக இருந்தார்.

நூலின் வாதம் எளிமையானது. 1951இல் மேற்சபை ஒழிந்தபின் இங்கு இருப்பது ஒரே சபை. அதைக் கட்டுப்படுத்துவது அமைச்சரவை. அமைச்சரவையைத் தடுக்க யாருமில்லை. 1978இல் தொழிற்கட்சிக்கே கூடுதல் வாக்கு; ஆட்சியோ தேசியக் கட்சிக்கு. 1981இல் ஐந்திலொரு பங்கு வாக்குப் பெற்ற சோஷல் கிரெடிற் கட்சிக்கு 92 ஆசனங்களில் கிடைத்தவை இரண்டு.

இதை வாசிக்கும் எமக்கு நியூசிலாந்து மட்டுமா கண்ணில் படுகிறது? இலங்கையில் 1970இல் ஏறத்தாழ 38 வீத வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 17 ஆசனங்கள். அதைவிடச் சற்றுக் குறைவாகப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 91. அடுத்த ஆண்டே செனற் சபை ஒழிக்கப்பட்டது. 1977இல் 51 வீத வாக்கு, 168இல் 140 ஆசனங்களாகியது. அந்த ஆறிலைந்து பலத்தைக் கொண்டே 1982இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார்கள். கடிவாளமில்லாத குதிரையின் குளம்படி எமக்குப் புதிதல்ல.

பாமர் எழுதியதோடு நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தேர்தல் முறையை ஆராய அரச ஆணைக்குழுவை 1985இல் அமைத்தவர் அவர். அதன் அறிக்கை 1986இல் வந்தது. 1992இல் வாக்களித்தோரில் ஏறத்தாழ 85 வீதமானோர் மாற்றம் கேட்டார்கள். 1993இல் 54 வீதமானோர் விகிதாசார முறையை உறுதிசெய்தார்கள். பெரிய கட்சிகள் இரண்டின் தலைமைகளும் விரும்பாத மாற்றம் இது. 1996இல் தொகுதிகள் 99இலிருந்து 65ஆகக் குறைந்தபோது, 1984 முதல் இருந்துவந்த எமது கிளென்ஃபீல்ட் தொகுதியும் மறைந்தது. மறுஆண்டு, மகனோடு சேர்ந்து எழுதிய நூலுக்குப் பாமர் 'கடிவாளமிட்ட அதிகாரம்' என்ற பொருளில் பெயர் வைத்தார். கேள்விக்குறியும் போயிற்று.

அங்கேதான் எமக்கு இடிக்கிறது. 1984இல் வந்த அரசு மானியங்களை வெட்டியது, அரச சொத்துக்களை விற்றது, ஊர் திரும்பிப் பார்க்குமுன் பொருளாதாரத்தையே புரட்டியது. அந்தத் தேர்தலில் மக்களிடம் விளக்கிக் கேட்ட அனுமதி அல்ல அது. பாமர் முன்பு எச்சரித்த அதே அதிகாரத்தால் அது நடந்தது. அவரும் அதே வண்டியில்தான் இருந்தார். முன்னேற்றத்தின் பெயரால் வேகமாகச் செய்தால் குற்றமில்லை என்றால், 1977இன் பின் ஜே.ஆர். சொன்னதும் ஏறக்குறைய அதுதானே?

எழுதிய சட்டத்தில் அவர் வைக்கும் நம்பிக்கையிலும் எமக்கு ஐயம் உண்டு. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கான காப்பு என்றார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் வாக்குரிமைத் திருத்தமும் மலையக மக்களை வெளியே தள்ளியபோது, 1953இல் பிரிவி கவுன்சில் அவை 29ஆம் பிரிவை மீறவில்லை என்றே தீர்ப்பளித்தது. இங்கேயும், வைத்தாங்கி ஒப்பந்தத்தை உட்கொண்ட உயர்சட்டமாக 1985இல் பாமர் முன்வைத்த உரிமைச் சாசனம், 1990இல் ஒப்பந்தமும் இல்லாமல் சாதாரண சட்டமாகவே நிறைவேறியது. 2003இல் கடற்கரை உரிமை பற்றி மாவோரி மக்கள் நீதிமன்றத்தில் பெற்ற வாய்ப்பை 2004இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி அடைத்தது. அது விகிதாசார முறையில் தெரிவான பாராளுமன்றம். 2016இல் அன்ட்ரூ பட்லருடன் சேர்ந்து எழுத்திலான உயர் அரசியலமைப்பு ஒன்றைப் பாமர் மீண்டும் முன்மொழிந்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். அது நல்ல முயற்சி. ஆனால் பெரும்பான்மை தன் கையைத் தானே கட்டிக்கொள்ளச் சம்மதிக்காதவரை, காகிதம் காகிதந்தான்.

அந்தச் சம்மதம் எங்கிருந்து வரும்? பொறுப்பு இங்கே எம்மீதும் விழுகிறது. நிரந்தர வதிவிடம் பெற்று ஓராண்டு வாழ்ந்தவருக்குக் குடியுரிமைக்கு முன்பே வாக்குக் கொடுக்கும் நாடு இது. 1975 முதல் அப்படி. தலைமுறைகளாக உழைத்தவர்களின் வாக்கைப் பறித்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதன் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்கை வீட்டுக்கடன் வட்டியும் வரியும் பார்த்து மட்டும் போட்டுவிட்டு, மாவோரி விவகாரம் வெள்ளையருக்கும் அவர்களுக்கும் உள்ள வழக்கு என்று ஒதுங்கினால், 1949இல் மலையக மக்களுக்கு எதிராகக் கையுயர்த்திய தமிழ்ப் பிரமுகர்களை எந்த முகத்தோடு குறை சொல்வது?

பாமரின் நூல் கேட்காமல் விட்ட கேள்வி இது. அதை நாம்தான் கேட்கவேண்டும். எமது சங்கக் கூட்டங்களில் மாற்றுக் கருத்துச் சொல்பவரின் ஒலிவாங்கி பறிக்கப்படும்போதும் கேட்கவேண்டும்.