முகட்டில் ஓடும் பஸ்: ஊசித்துளைப் படத்தை எப்படி ரசிப்பது?

ஊரில் ஓட்டு வீட்டில் மத்தியான நித்திரை கொண்டவர்களுக்கு ஊசித்துளைக் கமரா புதிதில்லை. உச்சி வெயில் ஓட்டு இடுக்கால் இறங்கிச் சீமெந்து நிலத்தில் வட்டம் வட்டமாக விழும். ஓட்டை கோணல்மாணலாக இருந்தாலும் வெளிச்சம் வட்டமாகவே இருக்கும். அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். கூரை 3 மீற்றர் உயரம் என்றால் வட்டம் ஏறத்தாழ 3 செ.மீ. இருக்கும். கிரகணத்தன்று அதே வட்டங்கள் பிறையாகிவிடும். 2024 ஏப்ரல் 8 அன்று ரொறன்ரோப் பிள்ளைகள் சீரியல் பெட்டிகளில் துளை போட்டுக் காத்திருந்தது இந்தப் பிறைக்காகத்தான். நயாகராவும் ஹமில்ரனும் முழுக் கிரகணப் பாதைக்குள் இருந்தன, நாங்கள் விளிம்புக்குச் சற்று வெளியே. போதாக்குறைக்கு மேகமும் மூடிவிட்டது.

கிரகணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் படுக்கையறையையே கமராவாக்கலாம். யன்னலை இடுக்கு விடாமல் கறுப்புக் குப்பைப் பையால் இரண்டு மடிப்பாக மூடி, விளிம்பெல்லாம் ரேப் ஒட்டுங்கள். நடுவில் பத்துச் சத நாணயம் அளவில் ஒரு துளை வெட்டுங்கள். சூரியன் உங்கள் யன்னலுக்கு நேரே நிற்கக் கூடாது. கட்டடத்தின் மறுபக்கம் நின்று எதிர்த்தெருவுக்கு வெயில் அடிக்க வேண்டும். கிழக்கு யன்னல் என்றால் பின்னேரம் நல்லது. கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் பலர் பொறுக்கமாட்டார்கள். கண் இருட்டுக்குப் பழகுமுன் விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

எங்கள் ஸ்காபரோ வீட்டில் முதல்முறை இதைச் செய்தபோது அம்மாவையும் கூப்பிட்டேன். "உள்ள வாங்கோ அம்மா, கதவைச் சாத்துங்கோ." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கட்டிலில் இருந்தார். பிறகு, "தம்பி, பஸ் முகட்டில ஓடுதடா!" என்றார். வானம் கீழே, நிலத்தோரம். தெரு மேலே. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பஸ் தலைகீழாக, சத்தமில்லாமல் சுவரால் ஊர்ந்து முகட்டுக்கு ஏறிப் போனது. ஒளி நேர்கோட்டில் போவதால் வந்த வேலை இது: மேலே இருந்து வருவது துளையால் புகுந்து கீழே விழும், கீழே இருந்து வருவது மேலே. ஹம்பி விரூபாட்சர் கோயிலில் ஓர் இருட்டறைச் சுவரில் ராஜகோபுரம் தலைகீழாக விழுவதும் இதே விதியால்தான். இதை ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒழுங்காக ஆராய்ந்து எழுதியவர் இப்னு அல்-ஹைதம். அம்மாவுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. அன்று பின்னேரம் தேத்தண்ணியையும் அந்த அறைக்குள்ளேயே குடித்தார்.

அறையில் ஓடிய படத்தைத் தாளில் பிடிக்க ஒரு பால்மாப் பேணி போதும். உள்ளே கறுப்புப் பெயின்ற் அடியுங்கள். பக்கத்தில் ஒரு சதுரம் வெட்டி, சோடாப் பேணியில் நறுக்கிய மெல்லிய தகட்டை அதன்மேல் ஒட்டி, ஊசிமுனையால் அரை மில்லிமீற்றருக்குத் துளையிடுங்கள். பிசிறை மண்கடதாசியால் தேய்த்துவிட வேண்டும். துளையின் விளிம்பு சுத்தமாக இல்லாவிட்டால் படமும் சுத்தமாக வராது. சிவப்பு விளக்கில், துளைக்கு எதிர்ப்பக்கம் கறுப்பு வெள்ளைப் போட்டோக் கடதாசியை வளைத்து வையுங்கள். துளையை மூடியிருக்கும் ரேப்தான் ஷட்டர். நல்ல வெயிலில் ஒரு நிமிடம் அளவில் திறந்து வைத்தால் போதும், மந்தாரமான நாளில் பல நிமிடம் வேண்டும். ஒருகாலத்தில் இந்தக் கடதாசி ரொறன்ரோவிலேயே உருவானது. மவுன்ற் டெனிஸ் பகுதியில் இருந்த கொடக் ஆலை 2005இல் மூடப்பட்டது. அதன் 9ஆம் இலக்கக் கட்டடம் மட்டும் மிஞ்சி, இப்போது ரயில் நிலையத்தோடு சேர்ந்துவிட்டது.

கழுவி எடுத்த படத்தில் கூர்மையைத் தேடாதீர்கள். வில்லை இல்லாததால் முன்னால் கிடக்கும் பனிச் சவளும் தூரத்து சீஎன் கோபுரமும் ஒரே அளவு மென்மையாக விழும். எதுவும் மற்றதைப் பின்னுக்குத் தள்ளாது. பிறகு, இல்லாதவற்றைப் பாருங்கள். சனம் நிறைந்த தெருவில் ஒரு மனிதரும் இருக்கமாட்டார், ஸ்றீற்கார் போயிருக்கும், தண்டவாளம் கிடக்கும். பஸ்ஸுக்காக அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் புகைபோல மிஞ்சியிருப்பார். ஸ்காபரோ மலைச்சரிவின் கீழே நின்று எடுத்தால் ஒன்ராறியோ ஏரியின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஆடை பிடித்த பால்போல ஆகிவிடும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஆறு மாதப் படம். டிசம்பர் 21 அளவில் கட்டி ஜூன் 21 அளவில் கழற்றுவது. சின்ன சோடாப் பேணி, அதே கடதாசி, தெற்குப் பார்த்த இடம். ரொறன்ரோவில் மார்கழிச் சூரியன் நண்பகலில் 23 பாகை உயரத்தில்தான் நிற்கும், ஆனியில் 70 பாகைக்கு ஏறும். பேணியைச் சற்று மேல்நோக்கிச் சரித்துக் கட்டுங்கள், இல்லையென்றால் கோடைச் சூரியன் கடதாசிக்கு வெளியே போய்விடும். என் முதற்படத்தில் ஏப்ரலுக்குப் பிறகு சூரியன் போன வளைவு ஒன்றும் இல்லை. பல்கனிக்கு மேலே இருந்த அடுத்த மாடித் தளம் மறைத்துவிட்டது. வீட்டு வேலிக் கம்பம் பல்கனியைவிட நல்லது. ஆறு மாதத்தோடு நிற்க வேண்டும் என்றும் இல்லை: இங்கிலாந்தில் பேஃபோட்பெரி வானியல் நிலையத்தில் 2012இல் ரெஜினா வல்கன்பர்க் வைத்த பேணி மறக்கப்பட்டு 2020இல்தான் எடுக்கப்பட்டது. எட்டு வருடத்துச் சூரியனும் அதில் இருந்தது.

ஆறு மாதப் படத்தில் ஒவ்வொரு வளைகோடும் ஒரு பகலில் சூரியன் போன பாதை. அடியில் நெருக்கமாகக் கிடப்பவை மார்கழி, தை. நடுவில் கோடுகள் விலகி நிற்பது மார்ச், சூரியன் வேகமாக ஏறும் காலம். அறுந்த கோடு, காலையில் மேகம் வந்து பின்னேரம் கலைந்த நாள். கோடே இல்லாத கறுப்புப் பட்டை, வாரக்கணக்கில் வெயில் காணாத பெப்ரவரி. பட்டையை விரலால் தொட்டு, அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்ப்பேன்.

இந்தக் கடதாசியைக் கழுவக் கூடாது. பேணிக்குள்ளேயே அது ஊதாவும் மண்நிறமுமாக மாறியிருக்கும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்து, ஈரம் இருந்தால் உலரவிட்டு, ஒரேயொரு தடவை ஸ்கான் செய்து, கணினியில் நிறத்தை மறுதலையாக்குங்கள். ஸ்கானரின் வெளிச்சமும் அதைக் கருக்கும். ஆகவே உடனே கறுப்பு உறைக்குள் போட்டு, திகதியை எழுதி வையுங்கள்.