வெள்ளையாவது எப்படி?

ஜார்ஜியா ஓ'கீஃப் 1931இல் வரைந்த ‘பசுவின் மண்டையோடு: சிவப்பு, வெள்ளை, நீலம்’ பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கொடியில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். நியாயம்தான். ‘மகத்தான அமெரிக்க ஓவியம்’ என்று பேசிக்கொண்டிருந்த ஆண்களைக் கேலி செய்யத்தான் இரண்டு ஓரத்திலும் அந்தச் சிவப்புப் பட்டைகள். ஆனா எனக்கு இருக்கிற கேள்வி வேற. நடுவுல தொங்குதே மண்டையோடு, அதை யார் சுத்தம் செய்தது?

ஒரு மாட்டுத் தலையைச் சுவரில் மாட்டும் நிலைக்குக் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. தோலையும் சதையையும் அறுத்தெடுத்துவிட்டு, மிச்சம் அழுகிக் கழலும்வரை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறவிட வேண்டும். நாற்றம் தாங்காது. அருங்காட்சியகங்களில் சதையைத் தின்னவே டெர்மெஸ்டிட் வண்டுகளை வளர்க்கிறார்கள். கொம்பு என்று நாம் பார்ப்பது வெறும் உறை. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். உள்ளே எலும்பு. ஊறியதும் உறை தளர்ந்து கழன்று வரும். சுத்தம் பண்ணி, காயவைத்து, திரும்பப் பொருத்தணும். அவசரப்பட்டுக் கொதிக்க வைத்தால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கி, பிறகு மஞ்சளாகக் கசியும். சோப்புத் தண்ணீரில் பொறுமையாகக் கொழுப்பை எடுத்து, கடைசியில்தான் ஹைட்ரஜன் பெராக்ஸைடு. பிளீச் போட்டா எலும்பே பொடிஞ்சிடும்.

ஓ'கீஃபுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. நியூ மெக்ஸிகோவில் வறட்சியில் செத்த மாடுகளை வெயிலும் காற்றும் பூச்சிகளும் சுத்தம் செய்து வைத்திருந்தன. அவர் பொறுக்கியெடுத்து, 1930இல் பீப்பாயில் அடைத்துக் கிழக்கே அனுப்பினார்.

எலும்புகள் தனக்குச் சாவின் குறியீடு இல்லை என்று அவர் சொன்னார். அந்தக் கொடி ஓவியத்தில் அது உண்மைதான். அதுதான் அதன் குறையும். வெடிப்புகளையும் உடைந்த விளிம்புகளையும் நேர்மையாக வரைந்திருக்கிறார். ஆனால் செத்த மாடு அங்கே இல்லை. நாற்றம் போன பிறகு நாடு வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே ஆண்டு வரைந்த இன்னொன்றில் மண்டையோட்டோடு இரண்டு துணி ரோஜாக்கள் இருக்கின்றன. நியூ மெக்ஸிகோவில் கல்லறைகளை அலங்கரிக்க வைக்கும் பூக்கள் அவை. எனக்கு அதுதான் பெரிய ஓவியம். வெயில் எலும்பை வெளுக்கவைக்கும், பூ வைக்காது. பூ வைக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் வந்ததும் அது மறுபடி ஒரு மாட்டின் தலையாகிவிடுகிறது.