முழுகாமல் இருப்பவள்

குளியல் தொட்டியா, தடுப்பில்லாமல் நடந்து நுழையும் ஷவரா என்று வீடு கட்டுகிறவர்களிடம் கடைக்காரர் கேட்கிறார். இடம், விலை, அழகு என்று பேச்சு போகிறது. மொழியிடம் கேட்டால் வேறு கணக்கு வரும்.

'குளி' என்பதற்குப் பழைய பொருள் நீருக்குள் மூழ்குவது. முத்துக்குளித்தலில் அது இன்னும் இருக்கிறது. பெண்ணின் குளியலோ அவள் உடம்பின் பேரேடாகிவிட்டது. 'முழுகாமல் இருக்கிறாள்' என்றால் கர்ப்பம். 'தலைக்கு ஊற்றிக்கொண்டாள்' என்றால் மாதவிலக்கு முடிந்தது. முதல் தடவை என்றால் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, மஞ்சள் நீராட்டு. ஆணுக்கு இப்படி ஒரு சங்கேதமும் இல்லை. அவன் வேண்டுமானால் கடனையோ உறவையோ தலைமுழுகலாம்.

இலக்கியத்தில் பெண்கள் நிறையவே நீராடுகிறார்கள். பரிபாடலில் முழுதாகக் கிடைத்த 22 பாடல்களில் 8 வையைக்கு உரியவை. புதுப்புனலில் பெண்கள் ஆடுகிறார்கள், பார்க்கும் கண் கரையில் நிற்கிறது. ஆண்டாள் திருப்பாவையில் 30 பாசுரங்களில் பத்தைத் தோழிகளை எழுப்பிக் கூட்டிப்போகவே செலவழிக்கிறாள். நீரில் நனைந்த உடம்பை வர்ணிக்க அவளுக்கு நேரமில்லை. இந்த வித்தியாசத்தை நம் உரையாசிரியர்கள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் குறை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' வந்தபின் சமையலறையை அதிகாரத்தின் வரைபடமாக வாசிக்கக் கற்றுக்கொண்டோம். அதற்கு அடுத்த சுவருக்குப் பின்னால் இருப்பதை அப்படி வாசிக்கவில்லை.

கொடைக்கானலின் மேல்மலையில், மன்னவனூரில், அந்த வாசிப்பு தவிர்க்க முடியாதது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். பூண்டுக்காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் மண்ணோடு மண்ணாக நின்று திரும்புகிறவளுக்கு வெந்நீர் ஆடம்பரமில்லை. விறகு பொறுக்குவதும் அடுப்பு மூட்டுவதும் அவள். வீட்டார் குளித்து முடித்தபின் அண்டாவின் அடியில் மிஞ்சிய வெதுவெதுப்பும் அவளுக்கு. குளியல் தொட்டி நிறைய 150 லிட்டருக்கு மேல் வேண்டும், ஒரு வாளி 15 லிட்டர். பத்து வாளி வெந்நீர் யார் தலையில் விடியும் என்பது விளம்பரத்தில் வராது. பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடிச் சுவரும் தொட்டியில் நுரையோடு ஒரு பெண்ணும் வருவார்கள். நுரை வடிந்தபின் தொட்டியைத் தேய்ப்பவள் படத்துக்கு வெளியே.

இப்போது புதுமையாக விற்கிற நடை ஷவர், நம் பின்கட்டுத் துவைகல்லுக்குக் கண்ணாடி மாட்டியதுதான். படியில்லாத தரை, சாய்வாக ஓடும் தண்ணீர், உட்கார ஒரு கல். ஒன்றரை அடி விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க எழுபது வயது மூட்டு இடம் கொடுக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அந்தப் பின்கட்டுக்குக் கதவு கிடையாது. பழைய புடவைதான் மறைப்பு, உள்பாவாடையை மார்பில் கட்டிக்கொண்டு அவசரக் குளியல். நான் பழம்பெருமை பேசாமல் இருப்பதற்குக் காரணம் அந்தப் புடவை.

தொட்டியை வேண்டாம் என்பதில் எனக்கு இழப்பும் உண்டு. மாதவிலக்கு வலியில் இடுப்புவரை வெந்நீரில் அரைமணி நேரம் கிடப்பது மருந்து. முழுகுகிற ஆசையை மொத்தமாக ஆற்றுக்கும் விடுதிக்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் இங்கே நான் கட்டும் வீட்டில் ஷவரையே தேர்ந்தேன். வழுக்காத கல், உட்காரத் திண்ணை, உள்பக்கம் கனமான தாழ்ப்பாள். கைப்பிடி எவ்வளவு உயரத்தில் என்று கொத்தனார் கேட்டார். அம்மாவைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, பென்சிலால் கோடு போட்டோம்.