விலையில்லா முத்தம்

பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழை முதல் தடவை பரீட்சைக்காகப் படித்தேன். இரண்டாம் தடவை படித்தது, சென்னையில் ஒரு வீட்டில் இரண்டு வருஷம் தங்கிக் குழந்தை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு. முதல் தடவை மனப்பாடமாகச் சொல்லி மகிழ்ந்த முத்தப் பருவப் பாட்டு, இரண்டாம் தடவை என்னைக் கோபப்படுத்தியது.

பாட்டின் பொருள் எளியது. சங்கு ஈன்ற முத்துக்கு விலை உண்டு. யானைத் தந்தத்தில் விளைந்ததற்கும் நெல்லில் விளைந்ததற்கும் உண்டு. மேகம் தந்த முத்தையும் மதிப்பிட்டுச் சொல்லலாம். முருகா, உன் வாய் முத்தத்துக்கு மட்டும் விலை கிடையாது, அதைத் தா. முத்தம் என்றால் முத்தும்தான் என்பதில் இருக்கிறது அழகு.

பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் தன்னைத் தாயாகவோ செவிலியாகவோ பாவித்துக்கொள்வது மரபு. அந்தப் பாவனையைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். குழந்தையின் முத்தத்துக்கு விலை இல்லை என்று தாய் சொன்னால் அது கொஞ்சல். செவிலி சொன்னால்? அவள் வாயில் அந்த வரியை வைத்தது யார்? 'விலையில்லா' என்று நம் அரசாங்கம் மிக்சிக்கும் மின்விசிறிக்கும் போட்ட முன்னொட்டு எனக்கு இங்கே ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. விலைமதிப்பற்றது என்பதற்கும் இலவசம் என்பதற்கும் ஒரே சொல்.

என் அம்மா நாழிக்கிணற்றுக்குப் போகும் வழியில் சிப்பி மாலை விற்பவள். நான் சென்னைக்குக் கிளம்பியபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "ஏட்டி, சம்பளம் கேட்டே. எத்தனை மணிக்கு வேலை முடியும்னு கேட்டியா?" கேட்கவில்லை. எங்கள் கடலில் முத்துக்குளிப்பு இருந்த காலத்தில், மூச்சடக்கி இறங்கியவருக்கு எடுத்த சிப்பியில் ஒரு பங்கு உண்டு. மதியத்துக்கு மேல் கடற்காற்றில் பாய் விரித்துப் படகு கரை திரும்பும். உயிரைப் பணயம் வைக்கிற அந்த வேலைக்கும் கரை என்று ஒன்று இருந்தது.

நான் படுத்தது தொட்டிலுக்குப் பக்கத்தில், பாயில். ஒரு மணிக்கு ஒரு பால், மூன்றரைக்கு ஒரு பால். காலையில், "ராத்திரி நல்லா தூங்கினானா?" என்று மேடம் கேட்பார். கேள்வி அவனைப் பற்றியது. குழந்தை வேலை மட்டும் என்று பேசிச் சேர்ந்தேன். முதலில் அவன் துணி, பிறகு எல்லார் துணி, பிறகு ராத்திரிச் சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமை விடுமுறைதான். "எங்க போகப்போற, இங்கயே ரெஸ்ட் எடு" என்பார்கள். தவழத் தெரிந்த பிள்ளை இருக்கிற வீட்டில் ரெஸ்ட் எங்கே இருக்கிறது?

வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. ஓய்வு நாளில் பணியாளர் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, கூப்பிட்டால் வரவேண்டும் என்று காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. தமிழ்நாடு 2018இல் வீட்டு வேலைக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது, மணிக்கு நாற்பது ரூபாய்க்கும் கீழே. அது இருக்கட்டும். தொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவளின் மணியை எண்ணுவது யார்?

எட்டாவது மாதம் கேட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், ஞாயிறு காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் வெளியே போவேன். மேடம் அழுதுவிட்டார். "உன்னை வேலைக்காரியாவா நடத்தினோம்? எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதானே இருக்கே?" அவர் பொய் சொல்லவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து ஆபீஸுக்கு ஓடிக்கொண்டிருந்த பெண் அவர். ஐயா அந்த நேரம் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். பேரத்தில் அவர் பெயரே அடிபடவில்லை. ஞாயிறு கிடைத்தது. ராத்திரி கிடைக்கவில்லை.

செந்தூர்க்காரியான எனக்கு இந்த இடத்தில் கார்த்திகைப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். சரவணப் பொய்கையில் ஆறு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவர்கள் அவர்கள். கந்தபுராணத்தில் உமை வந்து ஆறு பிள்ளைகளையும் ஒரே அணைப்பில் ஒன்றாக்குகிறாள். பிள்ளைக்குக் கார்த்திகேயன் என்று அவர்கள் பெயர் கிடைக்கிறது, அவர்கள் நாளில் விரதம் என்று வரமும் கிடைக்கிறது. பெருமைதான். ஆனால் ஒருத்தி கையில் ஒரு பிள்ளையாக இருந்தவன் இப்போது யார் கையிலும் இல்லை. அதைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடினேன். கதை பிள்ளையின் பின்னாலேயே போய்விடுகிறது.

இதற்காகப் பிள்ளைத்தமிழைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அந்த இலக்கியத்துக்குக் குழந்தை தெரியும். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி என்று இருபத்தோராம் மாதச் சிறுதேர் வரை அது வைத்திருக்கும் கணக்கு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கணக்கு. கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் அந்த ஆட்டத்தை அவன் ஆடியபோது, செங்கீரை என்ற சொல் எனக்குத் தானாக வந்தது. புலவருக்கு இதெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்?

வருகைப் பருவத்துக்குப் பதின்மூன்றாம் மாதம் என்பார்கள். எங்கள் பிள்ளை கொஞ்சம் முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சோபாவை விட்டு என்னைப் பார்த்து நாலடி வைத்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ராத்திரி அம்மாவைப் பார்த்து நடந்தான். "முதல் தடவை! பார்த்தியா?" என்று அவர் கத்தியபோது, ஆமாம் மேடம் என்றேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த எல்லையை நானே போட்டுக்கொண்டேன். வருகைப் பருவத்துப் பாட்டையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தாயிற்று. அந்த இரண்டு நாள் அதில் இல்லை.