மோலேக்கு ஏற்ற முதிர்ந்த ரியோஹா

காரத்துக்கும் பழைய சிவப்பு ஒயினுக்கும் ஆகாது என்பார்கள். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கிளறிவிடும், துவர்ப்பு நாக்கை இன்னும் வறட்டும் என்பது காரணம். இளம் ஒயினுக்கு அது முழுக்கச் சரி. ஆனால் மெக்சிகோவின் புவெப்லா நகரத்து மோலே குழம்பும் ஸ்பெயினின் ரியோஹா கிரான் ரெசெர்வா ஒயினும் சேரும்போது அந்த விதி நிற்பதில்லை.

மோலேயின் காரம் பச்சை மிளகாயின் காரம் அல்ல, வற்றலின் காரம். பொப்லானோ மிளகாய் செடியிலேயே பழுத்துச் சிவந்து, காய்ந்தால் ஆன்சோ. அதன் உறைப்பு ஸ்கோவில் கணக்கில் 1,000 முதல் 2,000 வரைதான். கிள்ளி முகர்ந்தால் காய்ந்த பழத்தின் வாசம் வரும். ஆன்சோவோடு முலாத்தோ, பாசிய்யா வற்றல்களையும் விதை நீக்கி, பன்றிக்கொழுப்பில் வாட்டுவார்கள். கைப்பக்குவம் தெரிவது இங்கேதான்: வற்றல் கொஞ்சம் கருகினாலும் சட்டி முழுக்கக் கசந்துவிடும். பிறகு எள், பாதாம், உலர்திராட்சை, பட்டை, கிராம்பு, சிறிது சாக்லேட் சேர்த்து விழுதாக அரைத்து, வான்கோழிக் கறிமேல் ஊற்றுவார்கள். பட்டையும் எள்ளும் பாதாமும் ஸ்பானியர் வழியாக வந்தவை. மிளகாய், சாக்லேட், வான்கோழி மூன்றும் மெக்சிகோவுக்கே உரியவை.

ரியோஹாவின் முதன்மைத் திராட்சை டெம்ப்ரனீயோ. கிரான் ரெசெர்வா என்று முத்திரை குத்த, சிவப்பு ஒயின் குறைந்தது 60 மாதங்கள் முதிர வேண்டும். அதில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஓக் பீப்பாயில், குறைந்தது இரண்டு ஆண்டுகள் புட்டியில். ரியோஹாவின் ஆரோ ஊரில் 1877இல் தொடங்கிய லோபெஸ் தெ எரேதியா என்ற ஒயின் நிறுவனம், அமெரிக்க ஓக் மரத்தில் பீப்பாய்களைத் தானே செய்துகொள்கிறது. சட்டம் கேட்பதைவிட நெடுங்காலம் ஒயினைக் காத்துவைக்கிறது. அமெரிக்க ஓக் வெனிலா, தேங்காய் வாசனைகளைத் தரும். ஆண்டுகள் போகப்போகத் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாகக் கீழே தங்கிவிடும். நிறம் செங்கல் நிறமாக மாறும். பழச்சுவை அத்திப்பழம், புகையிலை, தோல் என்று திரும்பும்.

இப்போது ஒரு வாய் மோலே, பின் ஒரு மிடறு ஒயின். உறைப்பு தலைதூக்குவதற்குள் ஒயினின் புளிப்பு கொழுப்பை அறுத்து வாயைச் சுத்தமாக்கும். வற்றலின் பழவாசமும் முதிர்ந்த ஒயினின் அத்திவாசமும் எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாமல் கலக்கும். குழம்பின் பட்டை வாசனை பீப்பாயின் வெனிலாவை மேலே இழுத்துவரும். இந்தக் கடைசி வேலையை இளம் ரியோஹா செய்து நான் கண்டதில்லை.

மோலே இனிப்பாகிவிட்டால் ஒயின் மெலிந்து புளிக்கும். அபனேரோ மிளகாய்ச் சால்சாவுக்கு முன்னால் எந்தப் பழைய ஒயினும் நிற்காது. அதற்கு பீர் போதும். புட்டியை முந்தின நாளே நிமிர்த்திவைத்து வண்டலைத் தங்கவிடுங்கள். 17 டிகிரி அளவில், சாப்பிட உட்காரும்போதே திறந்து, கடைசி விரற்கடை ஒயினை மட்டும் புட்டியிலேயே விட்டுவிடுங்கள்.